மைக் வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் முத்தாபுதுப்பேட்டையில் நம் வீட்டுக்கு வந்திருந்தான். ஐந்தாம் வகுப்பில் அவனுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு கடைசி வரை வரவில்லை. ஆனால் பாட்டு தானாக வரும். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. கானாவும் பாடுவான், சர்ச் கொயரிலும் பாடுவான். பேர் சொல்ல மாட்டேன், அவனே அனுமதி கொடுத்துத்தான் எழுதுகிறேன்.

கையில் பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு கண்டென்சர் மைக், லேப்டாப்பில் மாட்டுகிற ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஹெட்போன், ஸ்டாண்டு. மொத்தம் 72,000 ரூபாய். பன்னிரண்டு மாதத் தவணை, அதில் நான்குதான் கட்டியிருக்கிறான்.

"டீச்சர், இவ்ளோ செலவு பண்ணியும் பாட்டு பாத்ரூம்ல பாடின மாதிரியே இருக்கு. மைக் சரியில்லைன்னு நினைக்கிறேன். இதை வித்துட்டு இன்னும் நல்லதா ஒண்ணு வாங்கலாமா?"

இதை என்னிடம் ஏன் கேட்கிறான் என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. என் அண்ணன் 1983 முதல் 1998 வரை ஆவடி பஜாரில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். காலி கேசட்டும், கோடு போட்ட தாளில் பாட்டு லிஸ்ட்டும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார். (இப்போது யோசித்தால் அது திருட்டுதான். அந்தக் காலத்தில் எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.) பள்ளி விட்டதும் நான் அங்கே போய் கேசட் அட்டையில் பாட்டுப் பெயர் எழுதுவேன். என் கையெழுத்து அழகாக இருக்குமாம். எழுதிக்கொண்டே அவர் என்னென்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பாட்டுப் பதிவதைவிட மெஷினைத் துடைப்பதில்தான் அவருக்குப் பாதி நேரம் போகும்.

சரி, அந்தப் பையனுக்கு வருகிறேன். அவன் பதிந்த பாட்டை ஹெட்போனில் கேட்டேன். முதலில் ஃபேன் கேட்டது. பிறகு பக்கத்து வீட்டுக் குக்கர், மூன்று விசில். பட்டாபிராம் பக்கம் ரயில் ஹாரன். தெரு நாய். சரணத்தில் வீட்டுக்குள் யாரோ குடத்தை வைக்கிற சத்தம். இத்தனைக்கும் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி அவன் குரல்.

மைக் பழுது இல்லை. அவன் வீட்டுக்கு அது தேவைக்கு மேல் நல்ல மைக். கண்டென்சர் என்பது இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் வாங்கிக்கொண்டு வேலை செய்கிற, மெல்லிய சவ்வு வைத்த பொருள். ஊசி விழுந்தாலும் எடுக்கும். சத்தம் வராமல் கட்டிய ஸ்டுடியோ அறையில் அது வரம். சிமெண்டு பூச்சுச் சுவர், டைல்ஸ் தரை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல் இருக்கிற பத்துக்குப் பத்து அறையில் அது சாபம். போதாக்குறைக்கு அவன் மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி நின்று பாடியிருக்கிறான், சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்களாம்.

இதிலிருக்கிற கணக்கு எளிது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் குரலின் அளவு 6 டெசிபல் குறையும். ஆனால் ஃபேனும் ரயிலும் அறையின் எதிரொலியும் அப்படியே இருக்கும். குரல் குறைந்துவிட்டதே என்று கெய்னைத் திருகினால் குரலோடு சேர்ந்து குக்கரும் ஏறும். அவன் செய்தது அதைத்தான்.

அன்று சாயந்திரமே ஒரு சோதனை செய்தோம். என் படுக்கையறையில் பீரோவின் இரண்டு கதவையும் திறந்து வைத்தேன். உள்ளே முப்பத்தைந்து வருடச் சேலைகள். எதிர்ச் சுவரில் மெத்தையை நிமிர்த்திச் சாய்த்தோம். தரையில் ஜமுக்காளம். ஃபேனை நிறுத்தினேன், ஃபிரிட்ஜை நிறுத்தினேன். அண்ணன் விட்டுப்போன ஒரு பழைய டைனமிக் மைக் இருக்கிறது. கிரில் நசுங்கி, எழுத்தெல்லாம் அழிந்து, முப்பது வருடத்துக்கு மேல் ஆன மைக். அதை அவனுடைய இன்டர்ஃபேஸில் மாட்டி, வாயிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, கொஞ்சம் சாய்த்து (நேராக வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று அடிக்கும்), பாடு என்றேன்.

ஒரு பல்லவி பாடினான். கேட்டான். மறுபடி கேட்டான். ஒன்றும் பேசவில்லை. பிறகு, "டீச்சர், அந்த எட்டு தவணையை என்ன பண்றது?" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு. உங்களில் பாடுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு வீணையோ மிருதங்கமோ சொல்லிக்கொடுக்கிறவர்களும் இருக்கிறீர்கள். யூடியூப் சேனல் ஆரம்பிக்கப்போகிறேன், எந்த மைக் வாங்கட்டும் என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறீர்கள். என் அபிப்பிராயம் ஒன்றுதான். முதலில் அறை, அடுத்து வயர், அதற்கடுத்து பத்திரமாக வைக்க ஒரு பெட்டி. மைக் கடைசி. நாம் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறோம். கடைக்காரர்களும் தலைகீழாகத்தான் விற்கிறார்கள், அவர்கள் மெத்தையும் ஜமுக்காளமும் விற்பதில்லையே.

இப்படிச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "ரகுமான் சாரே வீட்டுக் கொல்லையில ஸ்டுடியோ வெச்சுத்தானே ஆரம்பிச்சார்?" உண்மைதான். கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்த்து 1989-ல் பஞ்சதன் ஸ்டுடியோவை ஆரம்பித்தார். 1992-ல் 'ரோஜா' வந்தது. ஆனால் கதையை 1989-லிருந்து சொல்லாதீர்கள். அவருடைய அப்பா ஆர்.கே.சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். 1976-ல் அவர் காலமானபோது மகனுக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் அப்பாவின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் பிழைத்தது. வாடகைக்கு விடுகிற கருவி என்றால் என்ன என்று மைக் செட் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். இன்றைக்குப் போய், நாளைக்குத் திரும்பி வந்து, நாளன்றைக்கு மறுபடி போகவேண்டும். ஒரு வயர் விட்டுப்போனால் அன்றைய அரிசி போச்சு. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்து, சிறு வயதிலேயே கீபோர்டு வாசிக்கப் போய், விளம்பரப் பாட்டுகள் போட்டுக் கையைப் பழக்கிக்கொண்டு, அதன் பிறகுதான் சொந்த ஸ்டுடியோ. கூடவே எச்.ஸ்ரீதர் மாதிரி ஓர் ஒலிப்பதிவுப் பொறியாளர். 2008-ல் மறைந்துவிட்டார். அந்தப் பாட்டுகளின் துல்லியத்தைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

விலை உயர்ந்த மைக்கில்தான் பெரிய பாட்டு வரும் என்பதும் பாதிப் பொய். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பம் 1982-ல் வந்தது. அதில் அவருடைய குரலைப் பெரும்பாலும் ஷூர் எஸ்எம்7 என்ற டைனமிக் மைக்கில்தான் ப்ரூஸ் ஸ்வீடியன் பதிந்தார். கண்டென்சர் வாங்கக் காசில்லாமலா? அந்தக் குரலுக்கு அதுதான் பொருந்தியது. இன்னும் பின்னால் போனால் மைக்கே கிடையாது. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் அம்மையார் ஒரு பெரிய தகரப் புனலுக்குள் முகத்தை வைத்துப் பாடித்தான் இசைத்தட்டு வந்தது. பாட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரையும் சொல்லுவார். தட்டு அச்சாவது ஜெர்மனியில், அங்கே இருக்கிறவர்களுக்கு இது யார் பாட்டு என்று தெரியவேண்டாமா? பதிவு செய்யும்போது பெயர், ஊர், தேதியைச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது அந்த அம்மையாரிடம் கற்றதுதான்.

ஆகவே, எதை வாங்குவது? வீட்டில் பாடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒரு நல்ல டைனமிக் மைக். ஷூர் எஸ்எம்58 1966-லிருந்து வருகிறது. மேடையில் கீழே விழுந்து உருண்டாலும் அடுத்த பாட்டுக்கு வேலை செய்யும். இதில் போலி நிறைய, அதனால் பில்லோடு வாங்குங்கள். அதற்கு 48 வோல்ட் தேவையில்லை. ஒரு சேனல் இன்டர்ஃபேஸ் போதும், பாடுகிற ஆள் ஒருவர்தானே. ஸ்பீக்கர் இப்போது வேண்டாம். எதிரொலிக்கிற அறையில் எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் வைத்தாலும் அது அறையைத்தான் பாடும். ஒரு மூடிய வகை ஹெட்போன் போதும். அதையும் கடையிலேயே காதில் மாட்டி, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பழைய பாட்டைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

வாத்தியங்களுக்குக் கணக்கு வேறு. வீணைக்கும் தம்புராவுக்கும் கண்டென்சர்தான் அழகு, அமைதியான அறை கிடைத்தால். மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று இரண்டு மைக் வைத்தால் நல்லது. நாகசுரத்தையும் பறையையும் அறைக்குள் பதியவே பதியாதீர்கள். வெளியில், நாலைந்து அடி தள்ளி வையுங்கள். நாகசுரத்தின் வாய்க்கு நேரே மைக்கைக் கொண்டுபோய் நீட்டுகிற கல்யாண வீட்டு வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ! சுவரில் முட்டை அட்டை ஒட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதனால் எதிரொலி போகாது, கரப்பான் வரும், தீப்பிடித்தால் சுற்றிச் சுற்றி எரியும். கம்பளியும் மெத்தையும் துணி பீரோவும் அதைவிடப் பல மடங்கு மேல்.

பதியும்போது இன்டர்ஃபேஸில் சிவப்பு விளக்கு எரிய விடாதீர்கள். கேசட் காலத்தில் கொஞ்சம் சிவப்பைத் தொட்டாலும் டேப் தாங்கிக்கொள்ளும், இரைச்சல் அமுங்குவதற்காக அண்ணனே கொஞ்சம் தூக்கித்தான் வைப்பார். இப்போது 24 பிட்டில் பதிகிறோம், அந்த அவசியமே இல்லை. நீங்கள் கத்துகிற உச்சத்தில் மைனஸ் 12 டெசிபல் காட்டினால் போதும், பிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஒரு தடவை உச்சத்தில் வெட்டுப்பட்ட குரலை எந்தச் சாஃப்ட்வேரும் முழுசாகத் திருப்பித் தராது.

இனி பராமரிப்பு. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. வாங்குகிற அன்று இருக்கிற ஆர்வம் ஆறு மாதத்தில் தூசி படிந்து கிடக்கும்.

நம் ஊரில் முதல் எதிரி ஈரக்காற்று. ஐப்பசி கார்த்திகையில் அப்பளம் நமுத்துப்போகிறதே, அந்தக் காற்றுதான் மைக்குக்குள்ளும் போகிறது. கண்டென்சர் மைக்கில் திடீரென்று பொரி பொரிகிற மாதிரி 'பட பட' என்று சத்தம் வந்தால் பயந்து விற்றுவிடாதீர்கள், பெரும்பாலும் ஈரம்தான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், மைக்கைத் துணிப்பையில் சுற்றி, கூடவே நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நீலம் வெளுத்து ரோஸ் ஆனாலோ, ஆரஞ்சு பச்சையானாலோ அது நிறைய ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் (சமையலுக்குப் பயன்படுத்தாத வாணலி!) பழைய நிறம் வரும், ஆறவிட்டு மறுபடி போடலாம். அரிசிக்குள் புதைத்து வைக்கிற வைத்தியம் வேண்டாம், அரிசி மாவு சவ்வில் போய் ஒட்டும்.

டைனமிக் மைக்கின் கிரிலைத் திருகிக் கழற்றலாம். எத்தனை பேருக்கு இது தெரியும்? ஒரே மைக்கில் பத்து பேர் பாடுகிற கொயர்களில் அதை முகர்ந்து பார்த்தால் தெரியும் சங்கதி. கிரிலை மட்டும் தனியாக எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டு அலசி, உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சும் முழுசாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். மைக்கின் உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. அப்புறம், பள்ளி ஆண்டுவிழாவில் நான் தொண்டை வறளக் கத்தியது ஞாபகம் இருக்கும்: மைக்கை ஊதாதே, தட்டாதே! வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டுமானால் பேசிப் பார்.

வயர். பாதிப் பழுது வயரில்தான். மைக் போச்சு என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்குப் போயிருப்பது வயரின் கழுத்து. முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் கயிறு சுற்றுகிற மாதிரி சுற்றினால் உள்ளே கம்பி முறுக்கிக்கொண்டு ஒருநாள் அறும். ஒரு வட்டம் நேராக, அடுத்த வட்டம் உள்பக்கமாக மடித்து, மாற்றி மாற்றிச் சுற்றப் பழகுங்கள். விரித்துப் போட்டால் சிக்கே இல்லாமல் ஓடும். ரிச்சி தெருவில் நல்ல கனெக்டரும் மூன்று கம்பி மைக் வயரும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஈயப் பற்று வைக்கக் கற்றுக்கொண்டால் ஆயுசுக்கும் வயர் வாங்கவேண்டாம். எங்கள் அண்ணனின் சாமான்களில் நான் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கிக்கொண்டது அந்த மைக்கையும் அவருடைய சால்டரிங் அயர்னையும்தான். இன்றைக்கும் என் மேசையில் இருக்கிறது. பேரனுக்கு ஆச்சரியம், பாட்டி பற்று வைக்கிறாளே என்று.

அடுத்தது கரண்டு. 'ம்ம்ம்...' என்று அடியில் ஓடுகிற இரைச்சல் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் பாட்டுக்குள் நுழைவதுதான். முதலில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கவேண்டும். இரைச்சல் போகிறது என்று மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பாடுகிறவரின் உதடு அந்த இரும்புக் கிரிலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, உயிர் போகிற விஷயம் அது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிந்து பாருங்கள், பாதி இரைச்சல் அங்கேயே போய்விடும். மைக் வயரும் கரண்டு வயரும் ஒட்டி ஓடவேண்டாம், குறுக்கே போகவேண்டுமானால் கூட்டல் குறி மாதிரி போகட்டும். கரண்டு போனால் எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள். போகும்போதைவிட, திரும்பி வருகிற அந்த நிமிடத்தில்தான் வோல்டேஜ் எகிறிப் பொருள் போகும்.

இதெல்லாம் பொருளைப் பற்றி. இனி சொல்லப்போவது என் தப்பு.

என் அம்மா ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். நடவுப் பாட்டு, தாலாட்டு, நலங்குப் பாட்டு என்று வாயைத் திறந்தால் நிற்காது. 1989 பொங்கலுக்கு அம்மா வந்தபோது அண்ணன் கடையிலிருந்து டெக்கும் மைக்கும் எடுத்து வந்து, இதே மாதிரி ஜமுக்காளம் விரித்து, ஒரு 90 நிமிடக் கேசட்டின் இரண்டு பக்கமும் பதிந்தார். நன்றாக வந்திருந்தது. கேசட்டின் அட்டையில் நான்தான் அழகாக 'அம்மா' என்று எழுதினேன். எழுதியதோடு நின்றுவிட்டேன். கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதுவும் பதிய முடியாது. தினமும் கடையில் பார்க்கிற எனக்கு அது தெரியாதா? அம்மாதானே, வீட்டில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

1993-ல் நம் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் காலிக் கேசட் என்று நினைத்து முதல் பக்கம் முழுவதும் 'ஜென்டில்மேன்' படப் பாட்டுகளைப் பதிந்துவிட்டான். யாரென்று சொல்லமாட்டேன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது, இதைப் படித்துக்கொண்டும் இருப்பான். உன் மேல் கோபமில்லை கண்ணு. தகடு உடைக்காதது நான்.

இரண்டாம் பக்கமாவது மிஞ்சியதே என்று அதைச் சமையலறையை ஒட்டிய ஷெல்ஃபில் வைத்தேன். தாளிக்கிற ஆவியும் மழைக்கால ஈரமும் சேர்ந்து இருபத்தைந்து வருடம். 1996-ல் அம்மா போய்விட்டார். 2011-ல் அண்ணன். அந்தக் கேசட்டை எடுத்துக் கேட்கிற தைரியம் எனக்கு 2022-ல்தான் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப் சுருளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை.

நல்லவேளை, அதை அப்படியே போட்டு ஓட்டவில்லை. பூஞ்சை பிடித்த கேசட்டை நல்ல டெக்கில் போட்டால் ஹெட்டெல்லாம் அப்பி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். எலக்ட்ரானிக்ஸ் படித்த என் மாணவி ஒருத்தி இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தாள். மூக்கில் முகமூடி கட்டிக்கொண்டு, மாடியில், கேசட்டின் ஐந்து திருகையும் கழற்றி, சுருளை ஒரு புதுக் கூட்டுக்கு மாற்றி, கையால் மெல்லச் சுற்றிச் சுற்றி மென்மையான துணியில் துடைத்து எடுத்தாள். 90 நிமிட டேப் 60 நிமிட டேப்பைவிட மெல்லியது, இழுத்தால் நீண்டுவிடும். அண்ணனின் டெக்குக்குப் புது பெல்ட் போட்டோம், பழையது தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தது. ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தோம். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், நாளடைவில் வறண்டு வெடிக்கும். சோப்புத் தண்ணீர் நனைத்த துணி போதும். அப்புறம் முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை ஓட்டி, திரும்பச் சுற்றி, அதற்குப் பிறகே பிளே.

குரல் வந்தது, போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி. ஹெட்டின் பக்கத்தில் ஒரு குட்டித் திருகு உண்டு, ஹெட்டின் சாய்மானத்தைச் சரிசெய்வது. அண்ணன் அதைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று காதை வைத்துத் திருகுவதை எத்தனை தடவை பார்த்திருப்பேன். அப்படியே திருகினேன். ஓர் இடத்தில் போர்வை விலகியது. வளையல் சத்தம் கேட்டது. அம்மாவின் வளையல்.

நாற்பத்தைந்து நிமிடத்தில் பத்தொன்பது நிமிடம் தேறியது. ஒரு நடவுப் பாட்டு முழுசாக, இரண்டு பாட்டு அரைகுறையாக. நடுவில் பாடுவதை நிறுத்திவிட்டு, "ஓடுதாடா?" என்று அண்ணனைக் கேட்கிறார். "ஓடுதும்மா, நீ பாடு" என்கிறார் அண்ணன். தாலாட்டு எல்லாம் முதல் பக்கத்தில் இருந்தது. அதில் இரண்டு எனக்கு அரைகுறையாக ஞாபகம், மற்றவை யாருக்கும் தெரியாது. அம்மாவின் ஊரிலும் விசாரித்துவிட்டேன்.

பதிந்த அன்று மெஷின் நல்ல மெஷின், கேசட் நல்ல கேசட். பதிவில் குறையில்லை. பதிந்த பிறகு நான் ஒன்றுமே செய்யாததில்தான் போயிற்று. அதனால் 72,000 ரூபாய் மைக்கில் பாடிவிட்டு அதை ஒரே ஒரு பென் டிரைவில் வைத்திருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மூன்று பிரதி வையுங்கள். லேப்டாப்பில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, மூன்றாவது வேறு ஊரில் இருக்கிற அக்கா வீட்டிலோ இணையத்திலோ. 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது ஒரே வீட்டில் மூன்று பிரதி வைத்திருந்தாலும் மூன்றும் ஒன்றாகத்தான் நனைந்திருக்கும். மூலத்தை வேவ் ஃபைலாக வையுங்கள். எம்பி3 வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய ஒரு ஜிபிதான் வரும், கல்யாண வீடியோ ஒன்று அதைவிடப் பெரிது. ஃபைலுக்குப் பெயராக 'நியூ ரெக்கார்டிங் 14' என்று விடாதீர்கள். யார், என்ன, எந்த ஊர், எந்தத் தேதி. வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி, எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து ஓட்டிப் பாருங்கள்.

பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒன்று. மைக்குக்காகக் காத்திருக்காதீர்கள். கையிலிருக்கிற போன் போதும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஓர் அடி தள்ளி, தலையணை மேல் வைத்து (மேசை மேல் வைத்தால் ஒவ்வொரு தட்டும் பதியும்), ஃபேனை நிறுத்தி, பெயரும் ஊரும் சொல்லச் சொல்லி ஆரம்பியுங்கள். பாட்டி 'எனக்கு என்ன தெரியும், போடா' என்பார். பதில் பேசாமல் ஓடவிடுங்கள், பத்து நிமிடத்தில் தானாக வரும்.

அந்தப் பையன் விஷயம் கேட்பீர்கள். ஸ்பீக்கர் ஜோடியை அவன் நண்பன் ஒருவன் எடுத்துக்கொண்டான், அதில் மூன்று தவணை அடைந்துவிடும். கண்டென்சரை விற்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் இருக்கட்டும், சர்ச்சில் ராத்திரி ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் கொயரை மொத்தமாகப் பதிய அது அருமையாக உதவும். அண்ணனின் பழைய மைக்கை அவனுக்கு இரவல் கொடுத்திருக்கிறேன். திருப்பித் தரும்போது கிரிலைக் கழுவித்தான் தரவேண்டும் என்று நோட்டில் எழுதி வாங்கியிருக்கிறேன்.

உங்கள் வீட்டு அட்டத்தில் பழைய கேசட் இருந்தால் கொண்டு வாருங்கள். டெக் நன்றாக ஓடுகிறது, நானும் சும்மாதான் இருக்கிறேன். சினிமாப் பாட்டுக் கேசட் வேண்டாம், அதெல்லாம் எங்கும் கிடைக்கும். வீட்டு மனிதர்கள் பேசின, பாடின கேசட் மட்டும். வருவதற்கு முன்னால் அதன் முதுகிலுள்ள தகட்டை உடைத்துவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வரலாம். வாசலில் நின்று போன் பண்ணினால் போதும், காலிங் பெல் அடிக்காதீர்கள், உள்ளே ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்.